ஜி.பி. ரோடு ஹெல்மெட் கடை: நாலு ஸ்டார், ஒன்று பிடித்தம்

சென்னை ஜி.பி. ரோட்டில் ஹெல்மெட் கடைக்குப் பஞ்சமே இல்லை. இந்தக் கடைக்கு மட்டும் மெனக்கெட்டு எழுதக் காரணம், இங்கே முதல் கேள்வி "என்ன பட்ஜெட் சார்?" இல்லை. இன்ச் டேப்பை எடுத்து, புருவத்துக்கு ஒரு விரற்கடை மேலே தலையைச் சுற்றி அளந்த பிறகுதான் கடைக்கார அண்ணன் அலமாரிப் பக்கமே திரும்புகிறார்.

என் மனைவிக்குத்தான் வாங்கப் போனோம். பின்சீட்டுக்கு எதற்கு இவ்வளவு பெரிசு, அந்தத் தொப்பி மாதிரி இருப்பதே போதுமே என்பது அவள் கட்சி. மீடியத்தைப் போட்டதும் "காது வலிக்குதுண்ணா, கொஞ்சம் லூசா குடுங்க" என்றாள். "கன்னம் அமுங்கணும்கா. லூசா இருந்தா நீங்க விழறதுக்கு முன்னாடியே இது கழண்டு ஓடிடும்" என்றார். சும்மா சொல்லவில்லை. அவள் கேட்ட பெரிய சைஸையே மாட்டி, தாடைப் பட்டியை இறுக்கிவிட்டு, என்னைப் பின்பக்க விளிம்பைப் பிடித்து முன்னால் தள்ளிப் பார்க்கச் சொன்னார். பட்டி போட்டிருந்தும் அப்படியே நெற்றியில் சரிந்து மூக்கு வரை வந்துவிட்டது. மீடியத்தில் அதே வேலையைச் செய்தபோது அவள் தலைதான் குனிந்தது, ஹெல்மெட் நகரவில்லை. அதற்கப்புறம் பேச்சே இல்லை, மீடியம்தான்.

அடுத்து உட்பஞ்சைப் பிரித்து உள்ளேயிருக்கும் தெர்மோகோலைக் காட்டினார். வெளி ஓடு பளபளப்புக்கு நாம் காசு கொடுக்கிறோம், ஆனால் அடி விழும்போது நசுங்கி அந்த வேகத்தை வாங்கிக்கொள்வது இதுதான். ஒருமுறை நசுங்கினால் திரும்ப எழாது. அதனால் பலமாக அடி வாங்கிய ஹெல்மெட் பார்க்க நன்றாக இருந்தாலும் தூக்கிப் போடத்தான் வேண்டும், தின்னர் பெட்ரோல் போட்டுத் துடைக்கவும் கூடாது. செகண்ட் ஹேண்ட் ஹெல்மெட் தேடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இதெல்லாம் ஓவர் என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 1935-ல் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' என்று பேர்பெற்ற பிரிட்டிஷ்காரர் டி. இ. லாரன்ஸ் பைக் விபத்தில் தலையில் அடிபட்டுச் செத்துப்போனார். அவரைப் பார்த்த டாக்டர்களில் ஒருவரான ஹியூ கெய்ர்ன்ஸ் அதோடு விடாமல், இப்படித் தலையில் அடிபட்டவர்களின் கணக்கை எடுத்து 1941-ல் கட்டுரையாக எழுதினார். பிரிட்டிஷ் ராணுவம் தன் பைக் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியதற்கு அவர் வேலை முக்கியமான காரணம். அந்த நாட்டுப் பொதுமக்களுக்கோ 1973-ல்தான் சட்டம் வந்தது! பிறகு பல நாடுகளின் 61 ஆய்வுகளை ஒன்றாக அலசி 2008-ல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு வெளியிட்ட கணக்கு, ஹெல்மெட் போட்டால் விபத்தில் சாகும் ஆபத்து சுமார் 42 சதவீதமும் தலைக்காயம் சுமார் 69 சதவீதமும் குறைகிறது என்கிறது. நம் ஊர்க் கணக்கும் இருக்கிறது. 2022-ல் இந்தியாவில் ஹெல்மெட் இல்லாமல் இறந்தவர்கள் 50,029 பேர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமே சொல்கிறது, அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். பின்சீட்டுக்கு எதற்கு என்ற கேள்விக்கு எனக்கு இதைவிட நல்ல பதில் தெரியவில்லை.

ஐஎஸ்ஐ முத்திரை விஷயத்திலும் கடை சுத்தம். முத்திரைக்கு மேலே ஐஎஸ் 4151 என்று ஹெல்மெட்டுக்கான தர எண்ணும் கீழே லைசென்ஸ் எண்ணும் இருக்க வேண்டும். அந்த லைசென்ஸ் எண்ணை, ஐஎஸ்ஐ முத்திரை கொடுக்கும் பிஐஎஸ் அமைப்பின் 'பிஐஎஸ் கேர்' ஆப்பில் தட்டினால் தயாரித்த கம்பெனி பெயர் வரும். அங்கேயே நின்று தட்டிப் பார்த்தேன், அண்ணன் முகம் சுளிக்கவில்லை. ஐஎஸ்ஐ இல்லாத ஹெல்மெட்டை 2021 ஜூன் முதல் விற்கவே கூடாது, ஆனாலும் ரோட்டோரத்தில் குடை, கூலிங் கிளாஸோடு சேர்த்துக் குவித்து வைத்திருக்கிறார்கள். போலீஸுக்குக் காட்ட ஒன்று, தலைக்கு ஒன்று என்று யாரும் தனித்தனியாக வாங்குவதில்லையே! இங்கே சாதாரண மாடல் ஆயிரம் ரூபாய்ப் பக்கத்தில் தொடங்குகிறது, ஒருமுறை பிடிபட்டால் கட்டும் அபராதமும் அதே ஆயிரம்தான்.

ஒரு ஸ்டாரை ஏன் குறைத்தேன் என்றால், குழந்தைகள் சைஸ் சுத்தமாக இல்லை. நாலு வயதுக்கு மேல் ஹெல்மெட் கட்டாயம் என்று சட்டமே சொல்கிறது, இவ்வளவு விவரம் தெரிந்த கடையில் "பசங்களுக்கு யாரும் கேக்கறதில்ல சார்" என்று கை விரிப்பது நன்றாக இல்லை. மாற்று வைசரும் (முகத்துக்கு முன்னால் வரும் கண்ணாடி) எல்லா மாடலுக்கும் கிடைக்காது. ராத்திரி ஓட்டுகிறவர்கள் கறுப்பு வைசர் மாடலைத் தொடாதீர்கள், அண்ணன் எதிர்வெயிலுக்கு நல்லது என்று தள்ளிவிடப் பார்ப்பார்.

பேரம் கொஞ்சம்தான் படியும். பார்க்கிங் கிடையாது. சாயங்காலம் கூட்டத்தில் போனால் இந்த அளவெடுக்கும் உபசாரமெல்லாம் கிடைக்காது, மதியத்துக்கு முன்னால் போய்விடுங்கள். பெண்கள் தினமும் வண்டியில் போகும்போது எப்படி முடி கட்டுவீர்களோ அப்படியே கட்டிக்கொண்டு போங்கள், பெரிய கிளிப் போட்டுப் போனால் கழற்றச் சொல்லி மறுபடி அளப்பார்.