மேட்ஜ் வந்த ஆண்டு: ப்ராங்கோஸ் சீசன் டிக்கெட்டுடன் எட்டு மாதங்கள்

பொருளை வாங்கிய வாரமே எழுதப்படும் மதிப்புரைகளில் எனக்கு நம்பிக்கை கிடையாது. மிக்ஸி வாங்கியவர் முதல் நாள் தேங்காய்ச் சட்னியை அரைத்துப் பார்த்துவிட்டு ஐந்து நட்சத்திரம் போட்டுவிடுகிறார். நான்காம் மாதம் உளுந்து அரைக்கும்போது மோட்டார் கருகும் வாடை வருவதைச் சொல்ல அவர் திரும்பி வருவதில்லை. அதனால்தான் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் ப்ராங்கோஸ் ரக்பி லீக் அணியின் புதிய பயிற்சியாளர் மைக்கேல் மக்வாயரைப் பற்றி மார்ச் மாதம் எழுத எடுத்த பேனாவை மூடி வைத்துவிட்டு, அக்டோபர் வரை காத்திருந்தேன்.

என் தகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்பிரிங்ஃபீல்டில் வீடு. அங்கிருந்து ரயிலேறினால் நேராக மில்டன் நிலையம். இறங்கி நடந்தால் சன்கார்ப் மைதானம். கட்டணம் 50 சென்ட் ஆன பிறகு பயணச்செலவைக் காரணம் காட்டி வீட்டில் இருந்துவிடவும் வழியில்லை. 2023 இறுதிப் போட்டியில் 24-8 என்று முன்னிலையில் இருந்த ப்ராங்கோஸ், கடைசி இருபது நிமிடத்தில் எல்லாவற்றையும் பென்ரித் அணியிடம் கொட்டிக் கொடுத்துவிட்டு 26-24 என்று தோற்றதே, அந்த இரவுக்குப் பிறகுதான் நான் சீசன் டிக்கெட் வாங்கினேன். தோற்ற கட்சிக்குச் சந்தா கட்டும் வியாதி எங்கள் குடும்பத்தில் உண்டு. ஆக, 2024இல் கெவின் வால்டர்ஸ் பயிற்சியில் ஒரு சீசன், 2025இல் மைக்கேல் மக்வாயர் பயிற்சியில் ஒரு சீசன், இரண்டையும் ஒரே நாற்காலியிலிருந்து பார்த்தவன் நான். ஒப்பிடுவதற்கு இதைவிட நல்ல சோதனைக்கூடம் கிடையாது.

ரக்பி லீக் பழக்கமில்லாதவர்களுக்குச் சுருக்கமாக: பக்கத்துக்குப் பதின்மூன்று பேர். பந்தைக் கையில் வைத்திருப்பவர் முன்னால் ஓடலாம், ஆனால் பின்னால் நிற்பவருக்குத்தான் எறியலாம். ஆறு முறை பிடிபடலாம். ஆறாவது பிடியோடு பந்து எதிரணிக்குப் போய்விடும். கோட்டைத் தாண்டிப் பந்தை ஊன்றினால் ட்ரை, நான்கு புள்ளி. அதற்குப் பின் கம்பத்துக்கு நடுவில் உதைத்தால் இன்னும் இரண்டு. கபடி தெரிந்தவருக்கு அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிடும். ஒரு வித்தியாசம் மட்டும்: கபடியில் பாடி வருபவரைப் பிடித்து நிறுத்திவிட்டால் வேலை முடிந்தது. இங்கே பிடித்த அணியினர், பந்துக்கு முன்னால் நிற்கும் ஓரிருவரைத் தவிர, உடனே எழுந்து, பத்து மீட்டர் பின்னால் ஓடி, வரிசையில் நின்று, மறுபடி பிடிக்க வேண்டும். எண்பது நிமிடமும் இதேதான். இந்த எழுந்து ஓடுவதில்தான் இந்த சீசனின் கதையே இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

மக்வாயரைச் செல்லமாக மேட்ஜ் என்பார்கள். வாங்குவதற்கு முன் பழைய பயனர்களின் அனுபவத்தைப் படிப்பது என் வழக்கம். 2010இல் இங்கிலாந்தின் விகன் அணிக்குப் போன முதல் ஆண்டிலேயே கோப்பை. 1998க்குப் பிறகு அவர்களுக்கு அதுதான் முதல் சூப்பர் லீக் பட்டம். பிறகு சவுத் சிட்னி. 43 ஆண்டு வறட்சியை 2014இல் முடித்துவைத்தார். இதுவரை ஐந்து நட்சத்திரம். ஆனால் அதற்கடுத்த ஆண்டுகளில் சவுத் சிட்னி படிப்படியாக இறங்கி, 2017 முடிவில் அவரை வீட்டுக்கு அனுப்பியது. வெஸ்ட்ஸ் டைகர்ஸில் ஒரு முறைகூடப் பிளே-ஆஃப் சுற்றை எட்டாமலே 2022 நடுவில் வேலை போனது. சுருங்கச் சொன்னால் வேகமாக அரைக்கும், சீக்கிரம் சூடேறும் இயந்திரம். நியூசிலாந்து தேசிய அணியையும் நியூ சவுத் வேல்ஸ் மாநில அணியையும் வெற்றிபெற வைத்தார் என்பது உண்மை. ஆனால் அவை சில வாரங்களில் முடியும் வேலைகள். அங்கே சூடேற நேரமே இல்லை.

நியூ சவுத் வேல்ஸ் என்றேன் அல்லவா, அங்கேதான் பிரிஸ்பேன் இருக்கும் குவீன்ஸ்லாந்து மாநிலத்துக்காரர்களுக்கு வலித்தது. இந்த இரு மாநிலங்களும் ஆண்டுதோறும் மோதும் ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் தொடரில், 2024இன் மூன்றாவது ஆட்டத்தில், இதே சன்கார்ப் மைதானத்தில், குவீன்ஸ்லாந்தை 14-4 என்று வீழ்த்தித் தொடரைப் பறித்துப் போனவர் இவர்தான். அந்த ஆண்டே ப்ராங்கோஸ் 12ஆம் இடத்தில் முடித்து, வால்டர்ஸை நீக்கிவிட்டு, இவரை அழைத்து வந்தது. என் பக்கத்து நாற்காலியில் உட்காருபவர் ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர். அணி தொடங்கிய 1988 முதல் பார்க்கிறவர். குவீன்ஸ்லாந்தில் தெற்கு மாநிலத்தாருக்குக் கரப்பான்பூச்சி என்று பட்டப்பெயர். புதிய பயிற்சியாளரை அவர் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. சீசன் முழுக்க, "கரப்பான் இன்று என்ன செய்கிறது பார்ப்போம்" என்றுதான் தொடங்குவார்.

முதல் ஆட்டம் சிட்னியில், மார்ச் 6. அன்றைக்கு பிரிஸ்பேனில் பள்ளிகள் இல்லை, பஸ்கள் இல்லை. ஆல்ஃப்ரெட் புயல் கடலில் நின்று யோசித்துக்கொண்டிருந்தது. குளியல் தொட்டியில் தண்ணீர் பிடித்து வைத்து, மெழுகுவத்தி தேடி வைத்து, மின்சாரம் எப்போது போகுமோ என்று பார்த்துக்கொண்டே தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தோம். சிட்னி ரூஸ்டர்ஸ் அணியை 50-14 என்று துவைத்துக் காயப்போட்டார்கள். தேங்காய்ச் சட்னி நாள். அன்றிரவே எழுதியிருந்தால் இந்த மதிப்புரை கவிதையாக இருந்திருக்கும். அடுத்த ஆட்டத்திலேயே கான்பெராவில் தோல்வி.

மே மாதத்தில் கருகும் வாடை வந்தது. மேஜிக் ரவுண்ட் என்று ஒரு சுற்றின் எல்லா ஆட்டங்களும் ஒரே வாரக்கடைசியில் சன்கார்ப்பில் நடக்கும் திருவிழா ஒன்று உண்டு. அதில் பட்டியலின் அடியில் தள்ளாடிக்கொண்டிருந்த பென்ரித், நம் வீட்டு முற்றத்தில் வைத்தே நம்மை அடித்துவிட்டுப் போனது. தோல்விகள் தொடர்ந்தன. பயிற்சி அளவுக்கு மீறிக் கடுமையாக இருக்கிறது, வீரர்கள் களைத்துவிட்டார்கள் என்று பத்திரிகைகளில் முணுமுணுப்பு. பக்கத்து நாற்காலிக்காரர் ஒரு நாள், "நான் சொன்னேனே" என்ற முகத்தோடு, ஒன்றுமே சொல்லாமல் எனக்குப் பாதி பையை நீட்டினார். பை என்றால் இங்கே கறி அடைத்த பேஸ்ட்ரி, துக்கத்துக்கும் உகந்தது.

ஆனால் அந்த மோசமான வாரங்களில்தான் ஒன்றைக் கவனித்தேன். என் இருக்கை மேல்தளத்தில், கோல் கம்பங்களுக்குப் பின்னால். தொலைக்காட்சி பந்தைத் துரத்தும். மேலிருந்து பார்ப்பவனுக்குப் பந்தில்லாத இடங்களும் தெரியும். 2024இல் எதிரணி ஒருவர் வரிசையை உடைத்துக்கொண்டு ஓடினால், அவரை இரண்டு பேர் துரத்துவார்கள், மற்றவர்கள் இடுப்பில் கைவைத்து நிற்பார்கள். 2025இல், தோற்றுக்கொண்டிருக்கும் ஆட்டத்திலும், ஆறேழு பேர் திரும்பி ஓடினார்கள். களத்தின் மறுகோடியில் நிற்கும் விங்கர், தன்னால் எட்ட முடியாது என்று எனக்கே தெரிந்த ஓட்டத்தை ஓடினார். பத்து முறை ஓடினால் ஒன்பது முறை வீண். ஸ்கோர் பலகையில் அது வராது. வால்டர்ஸிடம் இருந்த அதே பேன் ஹாஸ், அதே பேட்ரிக் காரிகன், அதே ரீஸ் வால்ஷ்தான். தாக்குதலில் புதிதாக எதையும் நான் பார்க்கவில்லை. சொல்லப்போனால் வால்டர்ஸ் காலத்து ஆட்டம்தான் கண்ணுக்கு அழகு. மாறியது இந்த வீண் ஓட்டம் மட்டும்தான்.

ஜூலையில் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். இங்கே அது குளிர்காலம். இரண்டு ஸ்வெட்டர், ஒரு சால்வை போர்த்தி அழைத்துப் போனேன். வாசலில் பழைய ரக்பி வீரர் வாலி லூயிஸின் சிலையைப் பார்த்து எந்தக் கட்சித் தலைவர் என்று கேட்டார். இந்த மைதானம் ஒரு காலத்தில் ஊரின் இடுகாடு என்று நான் சொல்லியிருக்கக் கூடாது. இடைவேளை வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அணியின் மெரூன், தங்க நிறங்களைப் பார்த்து, "மஞ்சள் குங்குமம் மாதிரி இருக்கிறது, நல்ல சகுனம்" என்றார். வால்ஷ் நகச்சாயம் பூசிக்கொண்டு ஆடுவதைத் திரையில் பெரிதாகக் காட்டியபோது, "மருதாணி வைத்தால் ஒரு மாதம் நிற்குமே" என்று கவலைப்பட்டார். ஆட்டம் முடிந்து ரயிலில் அவர் கேட்டது ஒரே கேள்வி: "விழுந்தவன் ஏன் வலியைக்கூடப் பார்க்காமல் எழுந்து பின்னால் ஓடுகிறான்?" பயிற்சியாளர் அப்படி என்றேன். "பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியார்" என்றார். ஒரு வரி மதிப்புரை அதுதான்.

லீக்கின் கடைசிச் சுற்றில் மெல்போர்னில் போய் ஸ்டார்ம் அணியை 30-14 என்று வென்று, நான்காம் இடம் பிடித்தார்கள். இனி வருவதை விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிளே-ஆஃப் முதல் வாரம் கான்பெராவில், லீக்கில் முதலிடம் பிடித்த ரெய்டர்ஸுடன். இரண்டாம் பாதி பாதி தாண்டிய பிறகு பதினாறு புள்ளி பின்னால். ஞாயிற்றுக்கிழமை மாலை, நான் எழுந்து கொடியில் காய்ந்த துணிகளை எடுக்கப் போய்விட்டேன். இதை ஒப்புக்கொள்ளாமல் நேர்மையான மதிப்புரை எழுத முடியாது. கையில் மகளின் சீருடையோடு நிற்கும்போது உள்ளே அவள் கத்தினாள். திரும்பி வந்தபோது 28-28. கூடுதல் நேரம் பத்து நிமிடத்திலும் புள்ளி விழவில்லை. அதன் பிறகு முதலில் புள்ளி எடுப்பவருக்கு ஆட்டம். 94ஆவது நிமிடத்தில் பென் ஹண்ட் ஒரு ஃபீல்ட் கோல் உதைத்தார், அதாவது ஆட்டத்தின் நடுவிலேயே பந்தைக் கம்பத்துக்கு நடுவில் உதைத்து எடுக்கும் ஒரு புள்ளி. 29-28.

ஹண்ட் யார் என்று தெரிந்தால்தான் அந்த உதையின் எடை தெரியும். 2015 இறுதிப் போட்டி, நார்த் குவீன்ஸ்லாந்துடன் இதேபோல் கூடுதல் நேரம். ஆரம்ப உதையில் மேலிருந்து வந்த பந்தைக் கைநழுவ விட்டவர் அவர். சிறிது நேரத்திலேயே எதிரணியின் ஜொனதன் தர்ஸ்டனின் ஃபீல்ட் கோலில் கோப்பை போனது. பிறகு வேறு அணிக்குப் போய், ஏழு சீசன் ஆடிவிட்டு, 34 வயதில் மக்வாயரின் அணிக்குத் திரும்பி வந்திருந்தார். பத்து ஆண்டு ஒரு மனிதனைப் பின்தொடர்ந்த பந்து அது. என் மகளுக்கு இதெல்லாம் தெரியாது. நான் ஏன் சீருடையில் முகம் துடைக்கிறேன் என்று கேட்டாள்.

இரண்டு வாரம் கழித்து அரையிறுதி, சன்கார்ப்பில். எதிரில் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கோப்பை வென்ற பென்ரித். இடைவேளையில் 14-0 என்று பின்னால் இருந்தோம். பக்கத்து நாற்காலிக்காரர் பை வாங்கக்கூட எழவில்லை. இரண்டாம் பாதியில் நான் பந்தைப் பார்க்கவில்லை, கால்களைப் பார்த்தேன். பென்ரித்தின் வரிசை எழுந்து திரும்ப ஒரு நொடி கூடுதலாகத் தேவைப்பட்டது. நம்முடையது மார்ச்சில் எழுந்த மாதிரியே எழுந்தது. கடைசி நிமிடங்களில் டெய்ன் மாரினர் ட்ரை வைத்தார், வால்ஷ் அதை உதைத்து இரண்டு புள்ளி சேர்த்தார், 16-14. மைதானத்துக்குப் பக்கத்துக் காக்ஸ்டன் தெரு அன்றிரவு திருவிழா முடிந்த தேரடி மாதிரி இருந்தது.

அக்டோபர் 5, இறுதிப் போட்டி, சிட்னி. டிக்கெட்டுக்கும் விமானத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தேன். எதிரணி மெல்போர்ன் ஸ்டார்ம். அதன் பயிற்சியாளர் கிரெய்க் பெல்லமியிடம்தான் மக்வாயர் உதவிப் பயிற்சியாளராக வேலை கற்றார். இடைவேளையில் ஸ்டார்ம் 22, நாம் 12. இந்த முறை நான் துணி எடுக்கப் போகவில்லை. இரண்டாம் பாதியில் ஸ்டார்ம் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. கேப்டன் ரெய்னால்ட்ஸும் ஹண்டும் காயத்தோடு வெளியேறிய பிறகும் வரிசை உடையவில்லை. கடைசியில் கோட்டை நோக்கி ஓடிய பாப்பன்ஹைசனை வால்ஷ் விரட்டிப் பிடித்தார். ஒன்பது முறை வீணாகும் என்று சொன்னேனே, அந்தப் பத்தாவது ஓட்டம். 26-22. சிறந்த ஆட்டக்காரருக்கான கிளைவ் சர்ச்சில் பதக்கம் அவருக்கே. 2006க்குப் பிறகு ப்ராங்கோஸுக்கு முதல் கோப்பை. அன்றே அதே மைதானத்தில் ப்ராங்கோஸ் பெண்கள் அணியும் ரூஸ்டர்ஸை 22-18 என்று வென்றது. அதற்குத் தனி மதிப்புரை எழுத வேண்டும்.

குறைகளைச் சொல்லாவிட்டால் விளம்பரம் ஆகிவிடும். இந்த அணி இன்னமும் முதல் பாதியில் தூங்குகிறது. மூன்று பிளே-ஆஃப் ஆட்டங்களிலும் பின்தங்கித்தான் வென்றது. மூன்றில் ஒன்று ஒரு புள்ளி வித்தியாசம், இன்னொன்று இரண்டு. இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஏற்ற பொருள் அல்ல. சூடேறும் பிரச்சினை தீர்ந்துவிட்டதா என்பதற்கு ஒரு சீசன் சாட்சியாகாது. சவுத் சிட்னிக்காரர்களும் 2014இல் இப்படித்தான் துள்ளினார்கள்.

புதுப்பிக்கும் அறிவிப்பு வந்தது. அதே நாற்காலிக்குப் பணம் கட்டிவிட்டேன். பக்கத்து நாற்காலிக்காரருக்கு, நீங்களும் கட்டிவிட்டீர்களா, இப்போதாவது அவர் பெயரைச் சொல்வீர்களா என்று செய்தி அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது: "கட்டிவிட்டேன். பெயரை மூன்றாம் ஆண்டில் சொல்கிறேன்."