"மூன்றரைத் தொன் வான்" என்ற சொல்லை நம்பி 665 பவுண் இழந்தேன்

நேற்று முன்தினம் நடந்ததை ஆத்திரம் ஆறுமுன்னரே எழுதிவிடுகிறேன். இலண்டனில் வீட்டுத் தோட்டத்தைத் திருத்தி, பழைய கொங்கிறீட் கற்களையும் மண்ணையும் வாடகை வானில் ஏற்றி 'டிப்' எனப்படும் கழிவு நிலையத்துக்குக் கொண்டுபோக நினைப்பவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள்.

என்னிடம் இருந்தவை முப்பது தளக்கற்களும் பதினைந்து மூட்டை ஈரமண்ணும். இங்கிலாந்தில் 2023 டிசம்பர் 31 முதல் மாநகரசபை நிலையங்கள் வீட்டுத் திருத்தக் கழிவை இலவசமாக ஏற்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சலுகை ஒரு தடவைக்கு 50 லீற்றர் பை இரண்டு, நான்கு வாரத்தில் நான்கு தடவை என்ற அளவோடு நின்றுவிடுகிறது. என் கற்களுக்கு அது எந்த மூலைக்கும் போதாது என்பதால், நிறைக்குக் கட்டணம் வாங்கும் தனியார் நிலையம் ஒன்றுக்கு ஒரே நடையில் கொண்டுபோய்விடத் தீர்மானித்து, தொழிற்பேட்டை ஒன்றுக்குள் இருக்கும் சிறிய வான் வாடகைக் கடைக்குப் போனேன்.

கடையில் இருந்தவர் நம்மவர். கற்களின் எண்ணிக்கை, அளவு, மண்மூட்டை எல்லாவற்றையும் அவரிடம் வரிசையாகச் சொல்லி, இந்த வான் தாங்குமா என்று வெளிப்படையாகவே கேட்டேன். "அண்ணை, இது மூன்றரைத் தொன் வான். உங்கட கல்லு இரண்டு தொன்கூட வராது. பயப்படாமல் ஏத்துங்கோ" என்றார். தமிழில், சிரித்த முகத்தோடு, ஒரு தேநீரையும் நீட்டிக்கொண்டு சொன்னார். நான் நம்பிய இடம் அதுதான். வாடகை 95 பவுணும் வைப்புப்பணம் 250 பவுணும் அங்கேயே கட்டினேன்.

மூன்றரைத் தொன் என்பது வானுக்குள் ஏற்றக்கூடிய பாரம் அல்ல. வான், எரிபொருள், சாரதி, பக்கத்தில் இருப்பவர், சுமை அனைத்தும் சேர்ந்து தாண்டக்கூடாத மொத்த நிறை. நான் எடுத்த நீளமான வான் வெறுமையாகவே ஏறத்தாழ 2,200 கிலோ. நானும் மச்சானும் ஏறியதும் இன்னொரு 150 போய்விட்டது. மிச்சம் 1,150 கிலோ. 60 சென்ரிமீற்றர் சதுரமும் 5 சென்ரிமீற்றர் தடிப்பும் உள்ள ஒரு தளக்கல் 43 கிலோ வரும். அப்படியென்றால் மண்ணே இல்லாமல் இருபத்தாறு கல்லோடு கணக்கு முடிந்துவிடுகிறது. நாங்கள் ஏற்றியதோ முப்பது கல், 1,290 கிலோ; அதற்கு மேல் மூட்டைக்கு 25 கிலோவுக்குக் குறையாத மண். இத்தனைக்கும் கற்கள் முழங்கால் உயரத்துக்கு மேல் வரவில்லை, வானில் பத்தில் ஒரு பங்குகூட நிறையவில்லை. கண் பார்த்த கணக்கில் இன்னும் ஏற்றலாம் போலத்தான் இருந்தது!

தூக்கிச் செல்லும் சிரமத்துக்காகக் கற்களைப் பின்கதவோரமாகவே அடுக்கியது எங்கள் பிழை. பின்சக்கரங்களின் அச்சுக்கும் (பின்னச்சு) அப்பால் பாரம் இருந்தால் வானின் முன்பக்கம் எழும்பும். ஸ்ரியறிங் கையில் காற்றுப்போல ஆடியதை உணர்ந்தும் நான் நிறுத்தவில்லை. வீதிச் சோதனையில் அதிகாரிகள் மறித்து நிறை பார்த்தார்கள்; தராசு 4,020 கிலோ காட்டியது. அனுமதித்ததைவிட ஏறத்தாழ 15 வீதம் கூட. 200 பவுண் தண்டம். பாரத்தைக் குறைக்கும்வரை வான் அந்த இடத்தைவிட்டு அசையக்கூடாது என்றும் எழுதித் தந்தார்கள். அவர்கள்மீது எனக்குக் குறையில்லை, மரியாதையாகவே நடந்தார்கள். பாதிக் கல்லை ஏற்றிப்போக இன்னொரு வான்காரரை அழைத்ததில் 120 பவுண் போனது.

வானைத் திருப்பிக் கொடுத்தபோது அதே மனிதர், "சாரதிதான் பொறுப்பு, ஒப்பந்தத்தில் இருக்கு" என்று ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார். சட்டப்படி தண்டம் ஓட்டியவனுக்குத்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால், கேட்டதற்குப் பிழையான பதில் சொன்னவர், பாரம் கூடியதால் வானின் அடியில் பாரம் தாங்கும் பின்பக்க வில்தகடுகளைப் பரிசோதிக்க வேண்டும் என்று என் 250 பவுணையும் பிடித்து வைத்திருக்கிறார். பிற்பகல் அழைத்தால் முதலாளி வெளியே, மாலை அழைத்தால் மின்னஞ்சல் போடுங்கோ, மின்னஞ்சல் போட்டால் மறுமொழி இல்லை. இன்று காலை முதலாளியே எடுத்து, "எங்கட ஆள் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்" என்றார். வாடகை 95, தண்டம் 200, இரண்டாவது வான் 120, வைப்புப்பணம் 250: மொத்தம் 665 பவுண். சில கற்களை அகற்ற 665 பவுண்!

விரிவாக ஆலோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது பொறுமை இல்லை. சாரதிக் கதவுத் தூணிலோ எஞ்சின் மூடிக்குக் கீழோ உள்ள, நிறைகள் பொறித்த தகட்டைப் பாருங்கள்: கிலோ எண்களில் முதலாவது மொத்த நிறை, கடைசி இரண்டும் முன், பின் அச்சுகள் தாங்கும் நிறை. வெறும் வானின் நிறையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒரு கல்லைக் குளியலறைத் தராசில் வைத்து நிறுத்து, எண்ணிக்கையால் பெருக்குங்கள். ஈரமண்ணைக் காயவிடுங்கள். பாரத்தைப் பின்னச்சுக்கு முன்னால் பரவலாக வையுங்கள். இரண்டு நடை போவது வெட்கமில்லை. வான் எடுக்குமுன் அதன் அடியைப் படம் பிடித்து வையுங்கள்; நான் பிடிக்கவில்லை, அதனால்தான் திங்கட்கிழமை மறுபடியும் அந்தக் கடை வாசலில் நிற்கப் போகிறேன்.