மெடிக்கல் மிஷன்னு சொல்லி 1,85,000 ரூபா ஏமாத்திட்டாங்க, நர்ஸ் பிள்ளைங்க தயவுசெஞ்சு படிங்க

முந்தாநாளே எழுதியிருக்கணும், கை நடுங்கிச்சு, முடியல. இப்பவும் கோவம் அடங்கல, அங்கங்க தப்பு இருந்தா பொறுத்துக்கங்க. நான் பொறையாறு பக்கம், மயிலாடுதுறையில ஒரு தனியார் ஆஸ்பத்திரியில ஸ்டாஃப் நர்ஸ், ஆறு வருஷமா வேலை பாக்குறேன். உகாண்டாவுல 14 நாள் கிறிஸ்தவ மெடிக்கல் மிஷன், அங்க ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில ஊழியம்னு சொல்லி என்கிட்ட 1,85,000 ரூபா வாங்கிட்டாங்க. ஜனவரி 17 நான் என்டெபி ஏர்போர்ட்ல இறங்கியிருக்கணும். இன்னைக்கு 19, வீட்டுலதான் உக்காந்து இதை எழுதிக்கிட்டிருக்கேன்.

அவங்க பேரு போட வேணாம்னு வக்கீல் சொல்லிட்டாரு. மிஷன் ட்ரிப் ஏற்பாடு பண்ற ஒரு அமைப்பு, வெப்சைட் இருக்கு, அதுல கேம்ப் போட்டோ எல்லாம் இருக்கு, அவ்ளோதான் சொல்ல முடியும்.

செப்டம்பர்ல கும்பகோணத்துல ஒரு ஹால்ல கூட்டம் வச்சாங்க, கூட வேலை பாக்குற பொண்ணு கூப்பிட்டா, போனேன். நல்லா பாட்டு பாடினாங்க, ஜெபம் பண்ணினாங்க, அப்புறம் அந்த அமைப்போட பிரதர் ஒருத்தர் எந்திரிச்சு பேசினாரு. 1706-ல ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு ஐயா நம்ம தரங்கம்பாடி கரையில வந்து இறங்கினாரே, அவருக்கு நம்ம பாஷை தெரியுமா, நம்ம வெயில் தாங்குமா, ஆனாலும் வந்தாரு, 1715-ல தமிழ்ல புதிய ஏற்பாட்டை அச்சடிச்சு நம்ம கையில குடுத்தாரு, அந்தக் கடனை நாம எப்ப அடைக்கப் போறோம்னு கேட்டாரு. எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. நான் சின்னப் பிள்ளையா இருந்தப்போ ஞாயித்துக்கிழமை தவறாம தரங்கம்பாடி புது எருசலேம் கோயில்ல உக்காந்திருந்தவ, அவரைப் பத்தி கேட்டுக் கேட்டே வளந்தவ. கூட்டம் முடிஞ்சதும் என்கிட்ட வந்து, “சிஸ்டர், உங்க கை கர்த்தருக்குத் தேவைப்படுது”ன்னாரு. அங்கதான் நம்பினேன், அன்னைக்கே 25,000 ஜீபே பண்ணிட்டேன். டிரஸ்ட் அக்கவுன்ட் இல்ல, ஒரு தனி ஆள் பேருதான் வந்துச்சு, கேட்டதுக்கு “பொருளாளர் சிஸ்டர் அவரு”ன்னு சொன்னாரு, சரின்னுட்டேன்.

அடுத்தது 1,10,000. அது எங்க அப்பா குறுவை அறுத்து நேரடி கொள்முதல் நிலையத்துல மூட்டையோட நாலு ராத்திரி காவல் கிடந்து வாங்கின காசு, அக்கவுன்ட்ல ஏறி ஒரு வாரம் கூட ஆகல, “நல்ல காரியத்துக்குத்தானம்மா”ன்னு எடுத்துக் குடுத்தாரு. கடைசி 50,000-க்கு அம்மா செயினை அடகு வச்சோம். ஆக 1,85,000. என் சம்பளத்துல ஒரு வருஷம் ஒத்தை ரூபா செலவு பண்ணாம இருந்தாத்தான் அந்தக் காசு சேரும்.

எங்க சபையில விஷயம் தெரிஞ்சு பழைய மூக்குக்கண்ணாடி சேத்துக் குடுத்தாங்க, அங்க வயசானவங்களுக்குக் குடுக்கலாம்னு. மொத்தம் 43. ஒவ்வொண்ணையும் சோப்புத்தண்ணியில கழுவி, தெரிஞ்ச கண்ணாடிக் கடையில குடுத்து பவர் பாத்து, பிளாஸ்திரி துண்டுல எழுதி காதுக் கம்பியில ஒட்டினேன். பக்கத்து வீட்டு அத்தாச்சி, போன வருஷம் தவறிப்போன மாமாவோட கண்ணாடியை டப்பாவோட கொண்டாந்து குடுத்தாங்க, ஒரு பக்கம் ஸ்க்ரூ இல்லாம நூல் கட்டியிருந்துச்சு. அத்தனையும் இப்ப பொட்டியில கட்டிலுக்கு அடியில கிடக்கு.

எப்ப சந்தேகம் வந்துச்சுன்னா, மஞ்சள் காய்ச்சல் ஊசியில. உகாண்டாவுக்கு அந்த ஊசி போட்ட மஞ்சள் கார்டு இல்லாம போக முடியாது, அதுவும் போட்டு 10 நாள் கழிச்சுத்தான் கார்டு செல்லும். இதுக்குன்னு அனுமதி உள்ள சென்டர்லதான் போடுவாங்க, சென்னையில கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் மாதிரி. இவங்க ஊசிக்கும் சேத்துத்தான் காசு வாங்கினாங்க, ஆனா கூப்பிடவே இல்ல. ஜனவரி 8-ந்தேதி நானே போன் போட்டு பிரதர் இன்னும் 9 நாள்தான் இருக்கு, இனிமே போட்டா கார்டு செல்லாதேன்னு கேட்டா, “அங்க ஏர்போர்ட்ல இறங்கினதும் போட்டுக்கலாம் சிஸ்டர், நம்ம டீமுக்கு பெர்மிஷன் இருக்கு”ங்குறாரு. நர்ஸ்கிட்ட சொல்ற பேச்சா இது. வயித்தைக் கலக்கிடுச்சு.

உடனே டிக்கெட்டை எடுத்துப் பாத்தேன். பிஎன்ஆர் இருக்கு, காசு கட்டி டிக்கெட் எடுத்தாத்தான் வர்ற 13 இலக்க டிக்கெட் நம்பர் இல்ல. ஏர்லைன்ஸ் சைட்ல போட்டா அந்த புக்கிங் கேன்சல் ஆகி எத்தனையோ நாள் ஆச்சு. சும்மா சீட்டு புடிச்சு வச்சு அந்தப் பேப்பரை எனக்கு அனுப்பியிருக்காங்க. அந்த உகாண்டா ஆஸ்பத்திரிக்கே மெயில் போட்டேன், ரெண்டே நாள்ல பதில், அப்படி ஒரு டீம் வர்றதா எங்களுக்குத் தகவலே இல்ல, வெளிநாட்டு நர்ஸ் யாரு வந்தாலும் உகாண்டா நர்சிங் கவுன்சில்ல தற்காலிக ரிஜிஸ்ட்ரேஷன் வாங்கிட்டுத்தான் பேஷன்ட்டைத் தொடவே முடியும்னு. படிச்சுட்டு அப்படியே உக்காந்துட்டேன். மயிலாடுதுறையில சின்ன கிளினிக்ல சேரப்போனாக்கூட நர்சிங் கவுன்சில் சர்டிபிகேட் கேப்பாங்க, இவங்க நாலு மாசத்துல ஒரு தடவை கூட கேக்கல. அதை நான் கவனிச்சிருக்கணும், கவனிக்கல.

அதுக்கப்புறம் நடந்ததுதான் இன்னும் வலிக்குது. முதல்ல “விசா ப்ராசஸ்ல இருக்கு”. அப்புறம் “விசுவாசமா இருங்க சிஸ்டர், சத்துரு தடை பண்றான்”. அப்புறம் ப்ளூ டிக் மட்டும். அப்புறம் ஒரு பொண்ணு போனை எடுத்து சார் உபவாச ஜெபத்துல இருக்காருன்னு வச்சிட்டா. பொங்கல் அன்னைக்கு காலையில வேற நம்பர்லேர்ந்து அடிச்சேன், எடுத்துட்டாரு, 1,85,000-மும் எங்க அப்பா அம்மா காசு பிரதர்னு அழுதேன். “ரசீதைப் பாருங்க சிஸ்டர், ஊழியக் காணிக்கைன்னு போட்டிருக்கு, காணிக்கையை கர்த்தர்கிட்ட திருப்பிக் கேக்கலாமா”ன்னாரு. ரசீதுல அப்படித்தான் இருக்கு. ஸ்டேஷன்லயும் அதையேதான் காட்டி, “நீங்களே காணிக்கைன்னு வாங்கியிருக்கீங்களேம்மா”ன்னு கேக்குறாங்க. சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930-க்கும் அடிச்சு கம்ப்ளைன்ட் நம்பர் வாங்கியிருக்கேன், ஆனா காசு கைமாறி ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு.

என்னென்ன பாக்கணும்னு விவரமா எழுதணும்னுதான் ஆரம்பிச்சேன், நைட் டூட்டிக்கு நேரமாச்சு, அவசரமா சொல்றேன். தனி ஆள் அக்கவுன்ட்டுக்கு காசு போடாதீங்க. ரசீதுல காணிக்கை, அன்பளிப்புன்னு இருந்தா அங்கேயே மாத்தி எழுதச் சொல்லுங்க. போற ஆஸ்பத்திரிக்கு நீங்களே நேரா மெயில் போடுங்க, காசு கட்டுறதுக்கு முன்னாடி. உகாண்டா டூரிஸ்ட் விசா ஆன்லைன்ல 50 டாலர்தான், என்கிட்ட 18,000 வாங்கினாங்க, அதுவும் டூரிஸ்ட் விசாவுல போயி பேஷன்ட் பாக்குறது சரிவராது. கவுன்சில் சர்டிபிகேட் கேக்காதவன் உங்களைக் கூட்டிட்டுப் போகப் போறதில்ல. காசு போன உடனே 1930, என்னை மாதிரி காத்துக்கிட்டு இருக்காதீங்க.

கும்பகோணம் கூட்டத்துக்கு வந்து காசு கட்டினவங்க யாராவது இதைப் படிச்சா மெசேஜ் பண்ணுங்க. இந்த வாரம் எஸ்பி ஆபீசுக்குப் போறேன், தனியாப் போனா காணிக்கைன்னு சொல்லி திருப்பி அனுப்பிடுவாங்களோன்னு பயமா இருக்கு, ரசீதோட நாலு பேரு சேந்து போனா கேப்பாங்க.