டிஸ்ப்ளே மாற்றலாம், செயலி ஏற்ற வேண்டாம்: லாரன்ஸ் சாலைக் கைபேசிக் கடை

கடலூர் லாரன்ஸ் சாலையில் இருக்கும் இந்தக் கடையில் பழுது வேலை சுத்தம். உடைந்த டிஸ்ப்ளேயை என் கண்ணெதிரே மாற்றி, கழற்றிய பழையதையும் கையில் கொடுத்தார்கள். எல்லாக் கடைகளிலும் அதைத் தருவதில்லை. கூலியும் நியாயம். உட்கார ஒரு ஸ்டூல் போட்டால் புண்ணியம்.

சிக்கல் அடுத்த வியாபாரத்தில். மஞ்சக்குப்பத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஆரி வேலைப்பாடுகளை வீடியோ எடுத்து, ஓர் இலவச எடிட்டிங் செயலியில் திருத்தி வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் போடுவேன். படத்தின் ஓரத்தில் செயலியின் பெயர் விழுவதைப் பார்த்த கடைத் தம்பி, "நூறு ரூபாய் கொடுங்கள் அக்கா, பிரீமியமாக மாற்றித் தருகிறேன்" என்றார். அந்த நூறு யாருக்குப் போகும் என்று கேட்டேன். சிரித்தார். செயலியை எழுதியவருக்கு அதில் ஒரு பைசா கிடையாது.

காசு கட்டாமலே பிரீமியம் திறக்கும்படி யாரோ மாற்றிய பிரதியைத்தான் ஏற்றுவாராம். அதற்கு முதலில் போனில் இருக்கும் அசலை அழிக்க வேண்டுமாம். காரணத்தை, மென்பொருள் வேலை பார்க்கும் என் அண்ணன் மகள்தான் விளக்கினாள். ஒவ்வொரு ஆண்ட்ராய்டு செயலியிலும் உருவாக்கியவரின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கும். உள்ளே கைவைத்தால் அது செல்லாது. கைவைத்தவர் தன் கையொப்பத்தைப் போட வேண்டும். கையொப்பம் மாறியதை அசலின் மேல் நிறுவ ஆண்ட்ராய்டு விடாது. அப்படிக் கைவைத்த ஆள் பிரீமியத்தைத் திறந்ததோடு நிறுத்திக்கொண்டாரா என்பது கடைத் தம்பிக்கே தெரியாது. ஆபத்தான செயலிகளைக் கண்டுபிடிக்கும் கூகுளின் பிளே புரொடெக்டை அணைத்துவிட்டுத்தான் ஏற்றுவாராம்! குறுஞ்செய்தி அனுமதி கொடுத்தால் வங்கி ஓடிபியைப் படிக்கலாம். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவுவதற்கென்று இருக்கும் அக்சசிபிலிட்டி அனுமதியும் சேர்ந்தால் நமக்குப் பதிலாகத் திரையைத் தொடலாம். வாடிக்கையாளர்கள் எனக்குப் பணம் அனுப்பும் யூபிஐ இதே போனில் இருக்கிறது.

"பெரிய கம்பெனி அக்கா, அவர்களுக்கு என்ன நஷ்டம்" என்றார் கடைத் தம்பி. மானுமென்ட் வேலி விளையாட்டைச் செய்தது ஒரு சிறிய குழு. ஆண்ட்ராய்டில் நிறுவப்பட்டவற்றில் 5 சதவீதத்துக்குத்தான் காசு வந்தது என்று 2015 தொடக்கத்தில் சொன்னார்கள். மீதி எல்லாமே திருட்டு அல்ல, ஒருவரே இரண்டு கருவிகளில் போட்டதும் உண்டு என்றார்கள். அதைக் கழித்தாலும் மிச்சம் கொஞ்சமாக இருக்காது. தைத்த ரவிக்கையைக் கூலி தராமல் எடுத்துப்போகிறவரிடம், என் கடை பெரிதா சிறிதா என்ற பேச்சை நான் கேட்டுக்கொண்டு நிற்பேனா?

சட்டமும் இருக்கிறது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவுப்படி, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினி நிரலைப் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபார லாபத்துக்காக இல்லையென்றால் நீதிமன்றம் சிறையைத் தவிர்க்கலாம். நான் கடைக்காக அல்லவா பயன்படுத்துகிறேன்!

ஆவணி முகூர்த்தங்களுக்கு மட்டும் ஒரு மாதச் சந்தா கட்டப்போகிறேன். மற்ற மாதங்களில் ஓரத்தில் பெயர் விழுந்தால் விழட்டும், ஆரி வேலை அதனால் மங்கிவிடாது.

டிஸ்ப்ளே மாற்றப் போகிறவர்கள், எத்தனை மாத உத்தரவாதம் என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். கேட்காவிட்டால் வாயால் சொல்வதோடு சரி.