தென்னை வெள்ளை ஈக்கு ஆன்லைன்ல நன்மை பூச்சி வாங்காதீங்க, எனக்கு 14,800 ரூபா போச்சு

இன்னும் கை நடுக்கம் நிக்கல, ஆனா இப்பவே எழுதிடறேன், நாளைக்குன்னு விட்டா அதுக்குள்ள இன்னும் நாலு பேர் பணம் கட்டிடுவாங்க.

நமக்கு ஆனைமலை பக்கம் மூணு ஏக்கர் தோப்பு, 210 மரம். 2016ல பொள்ளாச்சி பக்கம் இந்த சுருள் வெள்ளை ஈ வந்ததுல இருந்து படற பாடு தோப்பு வச்சிருக்கறவங்களுக்கு தெரியும். ஓலைக்கு அடில சுருள் சுருளா முட்டை வச்சு சாறை உறிஞ்சும், அது கழிக்கற இனிப்பு தண்ணி கீழ் ஓலைல சொட்டி கரும்பூசணம் புடிச்சு மரமே கரி பூசின மாதிரி நிக்கும். விஷ மருந்து அடிச்சா ஈயை அழிக்கற பூச்சியும் சேர்ந்து சாகும்னு எத்தனையோ கூட்டத்துல கேட்டிருக்கேன், அதனால இத்தனை வருஷமா நான் அடிச்சதே இல்லைங்க.

போன மாசம் திரும்ப ஈ ஏறுச்சு. விவசாய பொருள் விக்கற ஒரு ஆப்ல "வெள்ளை ஈ இயற்கை பேக்கேஜ்"னு பாத்து நம்பர் குடுத்தேன், அஞ்சு நிமிஷத்துல ஒரு பையன் கூப்பிட்டான். "அண்ணா, ஓலையை திருப்பி கிட்ட வச்சு ஒரு போட்டோ அனுப்புங்க"ன்னான். அனுப்பினேன். "இந்த ஈக்குஞ்சு மேல ஊசி குத்தின மாதிரி வட்டமா ஓட்டை இருக்கு பாருங்கண்ணா, ஈக்குஞ்சுக்குள்ள வளந்து அதை கொல்ற என்கார்சியாங்கற குட்டி குளவி வெளிய வந்த ஓட்டை அது, உங்க தோப்புல நல்ல பூச்சி இருக்கு, விஷம் மட்டும் அடிச்சிராதீங்க"ன்னான். அங்கதாங்க விழுந்தேன். இவ்வளவு விவரம் தெரிஞ்சவன் ஏமாத்துவான்னு யாருக்கு தோணும்?

ஏக்கருக்கு 400 கணக்குல கண்ணாடி இறக்கைப் பூச்சி (இதோட புழு வெள்ளை ஈயை திங்கும்) முட்டை 1,200, மஞ்சள் ஒட்டுப்பொறி 24, ஈயை கொல்ற பூஞ்சாணம் கலந்த உயிரி மருந்துன்னு 3 லிட்டர், எல்லாம் சேர்த்து 14,800 ரூபா. முழுசும் முன்னாடியே கட்டினேன், அடுத்த மாச உரத்துக்கு எடுத்து வச்ச காசு.

மூணு நாள்ல வரும்னு சொன்னது ஒன்பது நாள் கழிச்சு வந்துச்சு, இந்த வெயில்ல ஐஸ் பேக் கூட இல்லாம சாதா பிளாஸ்டிக் கவர்ல. பையன் ஸ்கூல் லென்ஸ் வச்சு பாத்தேன். நல்ல முட்டைன்னா பச்சையா இருக்கணும், பொரியப்போறப்ப பழுப்பாகும். இது அத்தனையும் வெத்து வெள்ளை கூடு, கவர் மூலைல காஞ்சு சுருண்ட குட்டி குட்டி புழு. வழிலயே பொரிஞ்சு, திங்க ஒண்ணும் கிடைக்காம ஒண்ணை ஒண்ணு தின்னு மிச்சமும் செத்திருக்கு, அந்த புழுவோட குணம் அப்படி. போன் போட்டா "அது நார்மல்ணா, ஓலைல பின் அடிச்சு விடுங்க, ஒரு வாரத்துல தெரியும்"னான்.

அதையும் நம்பி பாட்டிலை அடிச்சேன் பாருங்க, அதை நினைச்சாதான் வயிறு எரியுது. மூடி திறந்தப்பவே குப்புன்னு நெடி, அப்பவே நிறுத்தியிருக்கணும். டிராக்டர் ஸ்பிரேயர் வச்சு சாயங்காலம் அடிச்சோம், விடிஞ்சு போய் பாத்தா மரத்தடில சிலந்தி, பொறிவண்டு எல்லாம் மல்லாந்து கிடக்குது. பூஞ்சாணம் ஒரே ராத்திரில எதையும் கொல்லாதுங்க, பூச்சி உடம்புல ஒட்டி முளைச்சு உள்ள எறங்கவே நாள் புடிக்கும். உள்ள என்னத்தை கலந்தானோ. எந்த குளவியை காமிச்சு என்னை நம்ப வச்சானோ அதையே என் கையாலயே கொல்ல வச்சுட்டான். காசு கேக்காம தானா வந்து வேலை பாத்த உயிருங்க அது.

அப்பறம் கூப்பிட்டா முதல்ல "உங்க ஊர் வெயில்ணா", அடுத்து "உங்க தண்ணில உப்பு அதிகமா இருக்கும்", கடைசில "உயிருள்ள பொருளுக்கு ரிட்டர்ன் இல்ல". ஆப்ல புகார் போட்டேன், ரெண்டே நாள்ல "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது"ன்னு மெசேஜ். யாருக்குங்க தீந்துச்சு? திரும்ப கேட்டா "நாங்க இடம் மட்டும்தான் தர்றோம் சார், விக்கறவங்களை கேளுங்க"ன்னு ஒரு பொண்ணு சொல்லுது. அந்த பையன் நம்பரை பிளாக் பண்ணிட்டான். 14,800 ரூபா, டிராக்டர் கூலி தனி.

என்னென்ன பாத்து வாங்கணும்னு விரிவா எழுதத்தான் ஆரம்பிச்சேன், இப்ப மனசு ஓடல. சுருக்கமா சொல்றேன். உயிர் பூச்சியை கூரியர்ல வாங்காதீங்க, முழு பணத்தை முன்னாடி கட்டாதீங்க. உயிரி மருந்தா இருந்தாலும் 1968 பூச்சிக்கொல்லி சட்டப்படி லேபிள்ல பதிவு எண் இருக்கணும், என் பாட்டில்ல இல்ல, நான் பாக்கவும் இல்ல. பார்சல் பிரிக்கறப்பவே வீடியோ எடுங்க. நுகர்வோர் உதவி எண் 1915, நான் இன்னைக்குத்தான் போட்டேன்.

ஆழியார் தென்னை ஆராய்ச்சி நிலையம் எனக்கு அரை மணி நேர தூரம்ங்க. காலைல அங்க போய் என்கார்சியா இருக்கற ஓலைத்துண்டு கேக்கணும், ஆனா அடிச்ச விஷம் எப்ப அடங்கும், எப்ப கொண்டுவந்து விடலாம்னும் கேக்கணும்.