சுற்று வரம்பை ஏற்றுவதா, கியரை இறக்குவதா?

"வரம்பை ஒரு 500 சுற்று ஏற்றித் தர முடியுமா அண்ணே?" என்று காட்பாடிப் பட்டறையில் என் மைத்துனர் கேட்டார். இன்ஜின் நிமிடத்துக்கு இத்தனை சுற்றுக்கு மேல் சுழலக் கூடாது என்று வண்டியின் கணினி தடுக்கும் எல்லைதான் அந்த வரம்பு. மெக்கானிக் பதில் சொல்லாமல், கழற்றி வைத்திருந்த வால்வு ஸ்பிரிங் ஒன்றை அவர் உள்ளங்கையில் வைத்து அழுத்தச் சொன்னார்.

வண்டி 2018 ஸ்விஃப்ட் பெட்ரோல். உச்ச முறுக்குவிசை, அதாவது சுழற்றும் விசை, 4,200 சுற்றில். உச்சத் திறன் 6,000 சுற்றில். அதைத் தாண்டினால் இன்ஜினுக்கு மூச்சு வாங்கும். சிலிண்டர் நிறையக் காற்று நுழைய நேரம் இருக்காது. கணினியில் வரம்பை மட்டும் ஏற்றினால் மிஞ்சுவது பெரும்பாலும் சத்தம்தான். ஆபத்தோ நிஜமானது. மேலும் கீழும் ஓடும் பிஸ்டனின் நிலைம விசை சுற்று வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது: 6,500 சுற்று 7,000 ஆனால், சுமை 16 சதவீதம் கூடும். ஸ்பிரிங் தாளாமல் வால்வு மூடத் தாமதித்தால் பிஸ்டன் அதை முட்டிவிடலாம். வால்வைத் திறக்கும் கேம், ஸ்பிரிங், காற்றுப்பாதை எல்லாவற்றையும் மாற்றினால் கதை வேறு, செலவும் வேறு.

கியரை இறக்குவதற்குக் காசு வேண்டாம். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் மூன்றாம் கியரில் முக்கும் வண்டி, இரண்டாம் கியரில் 4,000 சுற்றைத் தொட்டதும் துள்ளி ஏறுகிறது. வரம்பு உயர்ந்தால் இரு வளைவுகளுக்கு நடுவே ஒரு கியர் மாற்றம் மிச்சமாகலாம், அதை மறுக்கவில்லை. பந்தயக்காரருக்கு அது பெரிது. குடும்பத்தோடு மலையேறுபவருக்கு அல்ல.

மைத்துனர் ஸ்பிரிங்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கிளட்ச் தட்டின் விலையைக் கேட்டார்.