கரிசல் மண்ணில் தோட்டக் குளம்: ஆறேழு வருஷ அனுபவம்

கோயம்புத்தூரில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் இருக்கிற குளம் சின்னதுதான். பத்தடி நீளம், ஆறடி அகலம், நடுவில் இரண்டரை அடி ஆழம். மூவாயிரம் லிட்டருக்குக் கொஞ்சம் கூடப் பிடிக்கும். ஒரு ஓரத்தில் கல் அடுக்கி, இரண்டரை அடி உயரத்திலிருந்து தண்ணீர் விழும்படி செய்திருக்கிறோம். ஆறேழு வருஷமாக ஓடுகிறது. வருகிறவர்கள் அருவியைப் பார்த்துவிட்டு, கட்ட எவ்வளவு ஆச்சு என்று கேட்பார்கள். எந்தத் தண்ணீரை ஊற்றுகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. இந்தக் குளத்தோடு நான் பட்ட பாட்டில் பாதிக்கு மேல் அதில்தான் இருக்கிறது.

எங்களுடையது போர் தண்ணீர், நல்ல உப்பு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் ஒரு லிட்டர் போனதாகக் கணக்கு. ஏப்ரல், மே மாதங்களில் நாளுக்கு ஏழு மில்லிமீட்டர் ஆவியாவது சாதாரணம். எங்கள் குளத்துக்கு அது முப்பது லிட்டருக்கு மேல், அதாவது தினம் இரண்டு குடம். அருவி தெறிப்பது தனி. ஆவியாகிறபோது தண்ணீர் மட்டும்தான் போகிறது, உப்பு அப்படியே தங்கிவிடுகிறது. மேலே மேலே போர் தண்ணீரையே ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். கருங்கல்லில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும், மோட்டாருக்குள் விசிறி இறுகும். வினிகரில் ஊறப்போட்டுக் கழுவினால் விடும், ஆனால் சில மாதத்தில் திரும்பப் படியும்.

ஆகவே மேலே ஊற்றுவது மட்டும் போதாது. அவ்வப்போது கால்வாசித் தண்ணீரை இறைத்து வெளியே விட வேண்டும். மீன் கழிவு கலந்த அந்தத் தண்ணீரைத் தென்னை நன்றாகவே குடிக்கிறது. பெரிய மாற்றம் வந்தது மாடி மழைநீரைக் குளத்துக்குத் திருப்பியபோதுதான். 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய பிறகு குழாய் பெரும்பாலான வீடுகளில் இருக்கிறது. அதில் ஒரு கிளை எடுத்தால் போதும். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, ஐப்பசி, கார்த்திகை மழையைப் பிடித்தால் கல்லில் புதுப் படிவு குறைகிறது. சிறுவாணித் தண்ணீர் வருகிற வீட்டுக்காரர்களுக்கு உப்புத் தொல்லை இல்லை. ஆனால் அதில் குளோரின் இருக்கும், ஒரு நாள் திறந்த தொட்டியில் வைத்து ஊற்றுவது மீனுக்கு நல்லது.

அடுத்தது மண். எங்கள் பக்கம் கரிசல். மழையில் வீங்கும், கோடையில் பிளக்கும். அந்த மண்ணில் சிமென்ட் பூசிக் குளம் கட்டிய தெரிந்த வீட்டில் இரண்டாம் கோடையிலேயே விரிசல். புது சிமென்ட்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து தண்ணீரின் காரத்தன்மை ஏறுவது இன்னொரு வம்பு. பலமுறை நிரப்பிக் கொட்டாமல் மீன் விட்டால் செத்துப்போகும். அதனால் நாங்கள் குழியில் விரித்தது ஒரு மில்லிமீட்டர் ஈபிடிஎம் ரப்பர் ஷீட். பண்ணைக்குட்டைக்குப் போடுகிற எச்டிபிஇ பிளாஸ்டிக் ஷீட் விலை குறைவுதான், ஆனால் விறைப்பானது. சின்னக் குளத்தின் வளைவுகளில் மடிந்து உட்காராது. ஷீட் அளவுக்கு எளிய கணக்கு உண்டு: நீளத்தோடு ஆழத்தை இரண்டு முறை கூட்டி, கரைக்கு இரண்டு பக்கமும் ஓரடி சேர்க்க வேண்டும். அகலத்துக்கும் அதேதான். எங்களுக்குப் பதினேழுக்குப் பதின்மூன்று அடி வந்தது. மண் அசைந்தாலும் ரப்பர் கூடவே அசைகிறது. இதுவரை ஓட்டை இல்லை.

ஒரு கோடையில் தண்ணீர் வேகமாக இறங்கியது. வந்து பார்த்தவர் ஷீட் கிழிந்திருக்கும், எடுத்துவிடலாம் என்றார். அதற்கு முன் ஒரு வாளியில் குளத்துத் தண்ணீரை நிரப்பிக் கரைப் படியில் வைத்து, இரண்டிலும் மட்டத்தைக் குறித்து, மோட்டாரை நிறுத்தி ஒரு நாள் விட்டோம். இரண்டும் ஒரே அளவுதான் குறைந்தன. அப்படியானால் ஷீட்டில் கசிவு இல்லை, மோட்டார் ஓடும்போது மட்டும்தான் தண்ணீர் போகிறது. அருவிக் கல் ஒன்று சற்றுச் சரிந்து, ஷீட்டின் ஓரத்தைத் தாண்டி மண்ணுக்குள் வழிந்துகொண்டிருந்தது. அந்தக் கல்லை நிமிர்த்தினோம், சரியாகிவிட்டது.

அருவி ஆசைப்படுகிறவர்கள் மோட்டார் பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். உயரம் ஏற ஏறத் தண்ணீர் குறையும், பெட்டியில் போட்டிருக்கும் உச்ச உயரத்தில் ஒன்றுமே வராது. தண்ணீர் திரை மாதிரி விழ, விழும் விளிம்பின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் மணிக்குச் சுமார் நானூறு லிட்டர் வேண்டும். மூன்றடி அகல அருவி என்றால் பதினாலாயிரம் லிட்டர்! எங்களுடையது ஐந்து அங்குலம், அறுபது வாட் மோட்டார். இருபத்து நாலு மணி நேரமும் ஓட்டினால் இரண்டு மாத பில்லில் எண்பத்தைந்து யூனிட் கூடும். ஏற்கெனவே 500 யூனிட்டை ஒட்டிப் போகிற வீடு என்றால் யோசித்துக்கொள்ளுங்கள், அதைத் தாண்டினால் கட்டண விகிதம் ஏறும். இரவில் நிறுத்தலாமே என்பார்கள். நிறுத்தினால் ஃபில்டரில் வளர்ந்து மீன் கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா மூச்சுத் திணறும். நாங்கள் குழாயில் ஒரு வால்வு வைத்து, இரவில் தண்ணீரை அருவிக்கு அனுப்பாமல் ஃபில்டர் வழியே நேராகக் குளத்துக்குத் திருப்பிவிடுகிறோம். சத்தமும் இல்லை, தெறிப்பும் இல்லை. உண்மையைச் சொன்னால், ராத்திரி பத்து மணிக்கு மேல் அந்தச் சலசலப்பு இனிமையாக இருப்பதில்லை. மின் இணைப்பில், மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி கட்டாயம். இதில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

கொசு பற்றி எல்லோரும் பயப்படுவார்கள். குளத்தில் கப்பி என்ற குட்டி மீன் இருந்தால் கொசுப் புழு மிஞ்சாது. மீன் எட்டாத இடம்தான் ஆபத்து: கல் இடுக்குக் குழிகள், பூந்தொட்டித் தட்டுகள். முட்டை ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிவிடும், அதனால் வாரம் ஒரு முறை தட்டுகளைக் கவிழ்த்து, குழிகளில் தேங்கியதை வெளியேற்றிவிட வேண்டும். பாசிக்கு மருந்து போட்டுப் பார்ப்பதைவிட, அல்லி இலை பரப்பில் பாதியை மூடுகிற மாதிரி வளர்ப்பது மேல். அல்லிக்கு எருவோ தேங்காய் நாரோ வேண்டாம். களிமண், மேலே கூழாங்கல், தினம் ஐந்து மணி நேர வெயில், அவ்வளவுதான். ஆகாயத் தாமரையை அழகுக்காகக்கூட உள்ளே விடாதீர்கள். மீனைத் தின்ன மடையான் கொக்கும் தண்ணீர்ப் பாம்பும் வரும். தண்ணீர்ப் பாம்புக்கு விஷம் இல்லை. ஆனால் எது தண்ணீர்ப் பாம்பு என்று வீட்டில் எல்லோருக்கும் அடையாளம் தெரிந்திருக்க வேண்டும்.

இடமும் நேரமும் குறைவு என்றால் அருவியை விட்டுவிடுங்கள். மூன்றடி அகலத் தொட்டி ஒன்றில் ஒரு அல்லி, பத்துக் கப்பி போதும். மோட்டாரே வேண்டாம். கோடையில் தினம் ஐந்து லிட்டர் ஊற்றினால் சரி.